அந்தப் பக்கம் மடித்த இலை

எங்கள் வீட்டில் ஞாயிற்றுக்கிழமை அடுப்பு எரிந்தால் யாருக்கோ உடம்புக்கு முடியவில்லை என்று அர்த்தம். கல்யாணமான புதிதில் ஆரம்பித்த பழக்கம், இன்றுவரை மாறவில்லை. நான் ஈப்போ பக்கம் ஜெலாப்பாங்கில் ஒரு கையுறைத் தொழிற்சாலையில் சூப்பர்வைசராக இருக்கிறேன். என் வீட்டுக்காரர் லாரி ஓட்டுகிறார். வாரம் முழுக்க நின்றுகொண்டே அள்ளிப் போட்டுக்கொண்டு ஓடுகிறவர்கள் நாங்கள். ஒரு நாளாவது உட்கார்ந்து, யாரோ ஒருவர் கொண்டுவந்து வைக்க, ஆவி பறக்கச் சாப்பிட வேண்டாமா? மற்ற எதில் வேண்டுமானாலும் விட்டுக்கொடுப்பேன், இதில் மாட்டேன்.

நான் சிலிம் ரிவர் பக்கத்தில் ரப்பர் தோட்டத்தில் பிறந்தவள். அங்கே வெளியில் சாப்பிடுவது என்றால், சம்பளம் போட்டதும் டவுனுக்குப் போய் ஒரு தட்டு மீ கோரேங் நூடுல்ஸைப் பிள்ளைகள் எல்லோரும் பிடுங்கித் தின்பதுதான். கல்யாணமாகி ஈப்போவுக்கு வந்ததும் இவர் என்னை மோட்டார்சைக்கிளில் ஏற்றிக்கொண்டு ஊரைச் சுற்றிக் காட்டினார். எனக்குத் தலைகால் புரியவில்லை. காலையில் பழைய டவுனில் வெள்ளைக் காப்பி, கரியடுப்பில் வாட்டிய ரொட்டி, அரைவேக்காட்டு முட்டை. மத்தியானம் லகாட் போகிற வழியில் தகரக் கூரைக் கடையில் மீன் தலைக் கறி. வெயிலுக்குச் சர்க்கரைப் பாகு ஊற்றிய சோயாப்பால் தௌஃபூஃபா, அது தொண்டையில் இறங்குவதே தெரியாது. சாயங்காலமானால் முளைப்பயிறு கோழி. அடேயப்பா, இத்தனையையும் வைத்துக்கொண்டு இந்த ஊர்க்காரர்கள் எப்படித்தான் ஒழுங்காக வேலைக்குப் போகிறார்கள் என்று நினைத்தேன்.

என் வீட்டுக்காரருக்கு வழி சொல்வதென்றாலும் கடையை வைத்துத்தான். தபால் நிலையம் எங்கே என்று யாராவது கேட்டால், "அந்தக் கறி மீ கடை இருக்குல்ல, அதைத் தாண்டி ரைட்டு எடுங்க" என்பார். கேட்டவர் தபால் நிலையத்துக்குப் போனாரோ இல்லையோ, கறி மீ கடையில் நின்றிருப்பார். எங்கள் ஒரே மகளும் அப்படியே வளர்ந்தாள். பல் கிளினிக்கில் நர்சாக இருக்கிறாள். வாயைத் திறந்து காட்டுகிறவர்களிடமே எங்கே என்ன நல்லா இருக்கும் என்று கேட்டு வந்து சொல்லுகிற பெண்.

அவள்தான் ஒரு ஞாயிற்றுக்கிழமை, ரொட்டி சானாயைப் பிய்த்துக்கொண்டே, தலையைத் தூக்காமல் சொன்னாள்.

"ம்மா, நான் ஒருத்தர லவ் பண்றேன்."

நான் மென்றுகொண்டிருந்ததை விழுங்கினேன். பையன் யார் என்றேன். அக்கவுண்டண்ட் என்றாள். நல்லது என்றேன். ஈப்போதான் என்றாள். இன்னும் நல்லது என்றேன். செட்டியார் வீட்டுப் பையன், டவுனில் அவர்களுக்குப் பெரிய இரும்புச் சாமான் கடை இருக்கிறது என்றாள். அதற்குப் பிறகு எனக்கு ரொட்டி இறங்கவில்லை.

எனக்குப் பையன் மேல் ஒரு குறையும் இல்லை. பிறகு பார்த்தபோதும் தங்கமான பிள்ளையாகத்தான் இருந்தான். ஆனால் என் அப்பாவும் அம்மாவும் விடிகாலையில் வாளி தூக்கிக்கொண்டு பால் வெட்டப் போனவர்கள். அந்த வீட்டுக்காரர்கள் பரம்பரை பரம்பரையாகக் கடை வைத்து ஆளை வேலை வாங்கியவர்கள். நாளைக்கு என் மகளை அடுக்களையில் நிறுத்திவைத்து ஒரு வார்த்தை சொல்லிவிட்டால்? எனக்கு வாய் கொஞ்சம் நீளம். நான் சும்மா இருக்க மாட்டேன். அது எங்கே போய் முடியுமோ?

"அவன் வீட்ல என்ன சொல்றாங்க?" என்றேன்.

"அப்பச்சிக்கு ஓகே. ஆத்தாதான் மொதல்ல நம்மளப் பாக்கணும்னு சொல்றாங்க. வெளிய எங்கயாச்சும் சாப்டுக்கிட்டே பேசலாமாம்." அவன் அப்பாவை அப்பச்சி என்றும் அம்மாவை ஆத்தா என்றும் கூப்பிடுவான். இவளும் அப்படியே சொல்லப் பழகியிருந்தாள். "ம்மா, அவங்க வேணாம்னு சொன்னா அவன் மீற மாட்டான். நானும் மீறச் சொல்ல மாட்டேன். அன்னிக்கு மட்டும் நீ கொஞ்சம் வாய அடக்கிக்க லா."

என் பெண் கெஞ்சி நான் பார்த்ததில்லை. அவள் கண்ணைப் பார்த்ததும் சரி என்றேன்.

நல்ல நாள் பார்த்து, பொது விடுமுறையாக இருந்த ஒரு வெள்ளிக்கிழமையைப் பேசி முடித்தோம். கடையை நீங்களே பாருங்கள் என்று எங்களிடம் விட்டுவிட்டார்கள். அந்த வாரம் எங்கள் வீட்டில் நடந்ததைப் பார்த்திருந்தால் யாரும் சிரிப்பார்கள். ஊரில் உள்ள கடையெல்லாம் நாக்கில் இருக்கிறது, ஆனால் ஒரு கடையும் ஆகவில்லை!

"மீன் தல கறிக்குக் கூட்டிட்டுப் போவோம். ஒரு வாய் வச்சா அந்தம்மா பொண்ணு போதாதுன்னு உன்னையும் சேத்துக் கூட்டிட்டுப் போயிடும்," என்றார் வீட்டுக்காரர்.

"கை கழுவுற எடத்துல வாளியும் செம்பும் வச்சிருக்கான். பட்டுச் சேலையக் கட்டிக்கிட்டு அங்க குனிய முடியுமா?"

"அப்போ சீனன் கடை. ரெண்டு மீனு, ஒரு கோழி, பெரிய ரவுண்டு மேச."

"வெள்ளிக்கெழமைங்க! அவங்க செட்டியார் வீடு. கோயில் குளம்னு இருப்பாங்க. மீனையும் கோழியையும் முன்னாடி வச்சா மூஞ்சியில முழிக்க முடியுமா?"

"அப்படின்னா செட்டிநாட்டுக் கடைக்கே போலாமே."

நான் இடுப்பில் கை வைத்து நின்றேன். "அவங்க வீட்டுச் சமையலயே அவங்களுக்குப் போட்டு, அதுல உப்பு ஒறைப்பு இல்லன்னு அவங்க சொல்லி, நான் கேட்டுக்கிட்டு நிக்கணுமா?"

மகளிடம், அந்த அம்மாவுக்கு என்னதான் பிடிக்கும் என்று கேட்டுச் சொல்லச் சொன்னேன். அவள் போனில் கேட்டுவிட்டு வந்தாள். "எதுனாலும் ஓகேவாம்."

எதுனாலும் ஓகே! இந்த நாட்டில் இதைவிட மோசமான பதில் கிடையாது. இந்த வார்த்தையைச் சொன்ன யாரும் எதையும் ஓகே என்று சாப்பிட்டு நான் பார்த்ததில்லை. கடைசியில் டவுனில் புதிதாகத் திறந்திருந்த சைவ இலைச் சாப்பாட்டுக் கடையில் போய் முடிந்தது. குளிர்சாதனம் உண்டு, மேசைக்கு மேசை பூ வைத்திருந்தார்கள், கை கழுவுகிற இடத்தில் கண்ணாடி இருந்தது. சாப்பாடு எப்படி என்று யாரும் கேட்கவில்லை, நான் உட்பட. அந்த ஒரு தடவைதான் நான் சாப்பாட்டைப் பார்க்காமல் கடை பிடித்தது.

வெள்ளிக்கிழமை வந்தது. அந்த அம்மா அரக்குப் பட்டில், அகலமான தங்கச் சரிகைக் கரையோடு, கோயில் சிலை மாதிரி வந்து இறங்கினார். கழுத்து நிமிர்ந்தே இருந்தது. அவர் கணவர் வெள்ளைச் சட்டையில் பின்னால் அமைதியாக வந்தார். நான் பச்சைப் பட்டில் இருந்தேன், வேர்த்துக் கொட்டியது. குளிர்சாதனக் கடையில் வேர்த்தவள் அன்றைக்கு நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

இலை போட்டார்கள். சாப்பாடு வந்தது. ஐயோ, அந்தச் சாம்பார்! வெந்நீரில் மஞ்சள் கலக்கிய மாதிரி இருந்தது. ஆனாலும் மனிதன் பசித்தால் சாப்பிடுவான் இல்லையா? எங்களுக்குச் சாப்பிடத்தான் முடியவில்லை. அந்த அம்மா ஒரு பிடி எடுத்தால் நானும் ஒரு பிடி. அவர் அப்பளத்தைத் தொடவில்லை, அதனால் நானும் தொடவில்லை. பரிமாறுகிறவர் வந்து "சோறு வைக்கட்டாம்மா" என்றால் இரண்டு பேரும் ஒரே நேரத்தில் "போதும், போதும்" என்றோம். என் வீட்டுக்காரர் மட்டும் இன்னொரு தடவை கூட்டுக்குக் கை நீட்டினார். மேசைக்கு அடியில் அவர் காலை ஒரு மிதி மிதித்தேன். கை தானாக உள்ளே போனது. பையனின் அப்பாவும் அதே நேரத்தில் முகத்தைச் சுளித்தார், ஏன் என்று எனக்கு அப்போது தெரியாது.

பேச்சும் அப்படித்தான். மழை அதிகம் என்றார்கள், ஆமாம் அதிகம் என்றோம். ரோட்டில் கூட்டம் என்றோம், ஆமாம் கூட்டம் என்றார்கள். பிள்ளைகள் இருவரும் ஒருவரையொருவர் பார்த்துப் பார்த்துச் சோற்றைப் பிசைந்தார்கள். கடைசியில் ரசம் வந்தது. பரிமாறுகிறவர் அவசரத்தில் அந்த அம்மாவின் இலையில் சோற்றுக்கு மேலே வாளியைச் சாய்த்துவிட்டுப் போனார். அவர் இரண்டு வாய் எடுத்தார், நிறுத்தினார், எழுந்தார். எழும்போது இலையை மடித்தார்.

அந்தப் பக்கமாக.

எங்கள் ஆட்களில் சின்னப் பிள்ளைக்கும் தெரிந்த விஷயம் இது. சாப்பிட்டு முடித்ததும் இலையை நம் பக்கமாக மடித்தால், மனம் நிறைந்தது, இந்த உறவு வேண்டும், மறுபடியும் வருவேன் என்று அர்த்தம். நமக்கு எதிர்ப்பக்கமாக மடிப்பது கருமாதி வீட்டில். இந்தச் சாப்பாடு இந்த வீட்டில் இனி வேண்டாம் என்று சொல்லிவிட்டு எழுந்துபோகிற மடிப்பு அது. கல்யாணம் பேச வந்த இடத்தில், என் கண் முன்னால், அந்த அம்மா அப்படி மடித்துவிட்டுக் கை கழுவப் போனார். மகளும் அதைப் பார்த்தாள். அவள் முகத்தில் ரத்தமே இல்லை.

வெளியே வந்து கும்பிட்டார்கள். "பிள்ளைங்ககிட்ட சொல்லி அனுப்புறோம்," என்றார் அந்த அம்மா. நானும் கும்பிட்டேன். என் வாயிலிருந்து ஒரு வார்த்தை வரவில்லை. மகளுக்குக் கொடுத்த வாக்கை அன்று நான் அப்படிக் காப்பாற்றினேன், ஆனால் கார் கதவைச் சாத்தியதும் ஆரம்பித்துவிட்டேன்.

"பாத்தீங்களா? பாத்தீங்களா அந்தம்மா பண்ணுனத? தோட்டத்து ஆளுன்னா அவ்வளவு எளக்காரமா? வேணாம்னா வாயத் தொறந்து வேணாம்னு சொல்ல வேண்டியதுதான? நம்ம என்ன செத்தா போயிட்டோம், கருமாதி எல மடிக்கறதுக்கு?"

"தெரியாம மடிச்சிருப்பாங்க," என்றார் வீட்டுக்காரர்.

"செட்டியார் வீட்டம்மாவுக்கு எல மடிக்கத் தெரியாதா? நமக்கே தெரியுது!"

வீட்டுக்கு வந்ததும் மகள் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். நான் கதவருகே போய் நின்றேன். உள்ளே தலையணையில் முகத்தை வைத்து அழுகிற சத்தம். அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு நிற்பது மாதிரி ஒரு வேதனை எனக்கு அதற்கு முன் வந்ததில்லை. என் மகளுக்கு அந்தப் பையன் வேண்டும், அவனுக்கும் இவள் வேண்டும். ஒரு வாழை இலை நடுவில் வந்து படுத்துக்கொண்டது.

பொழுது சாய்ந்ததும் வீட்டுக்காரர் கார் சாவியைக் கையில் எடுத்தார்.

"வா, போலாம். முளைப்பயிறு கோழி."

"உங்களுக்கு வெக்கமே இல்லையா? வீடு இருக்கற இருப்புல கோழி கேக்குதா?"

"கோவம் வேற, பசி வேற. மத்தியானம் என்ன சாப்ட்டோம்? நீ என் கால மிதிச்சதுல எனக்கு வயிறும் காலும் சேந்து வலிக்குது. வந்து நாலு வாய் சாப்டு, அப்புறம் திட்டு."

மகளைக் கூப்பிட்டோம். வரவில்லை என்றாள். அவளுக்கும் வாங்கி வந்துவிடலாம் என்று, கட்டியிருந்த கைலியை மாற்றிப் பழைய சுடிதாரைப் போட்டுக்கொண்டு கிளம்பினேன். கோபத்தில் தலையைக்கூட வாரவில்லை.

அந்தக் கடையைப் பற்றிச் சொல்லாமல் மேலே போக முடியாது. ஐந்தடி நடைபாதை வரைக்கும் மேசை போட்டிருப்பார்கள். வாசலில் வேகவைத்த கோழிகள் எண்ணெய் மினுங்கத் தொங்கும். அகலக் கத்தி மரக்கட்டையில் டொக் டொக்கென்று விழுந்துகொண்டே இருக்கும், அந்தச் சத்தம் தெருமுனையில் கேட்டாலே எனக்கு வாயில் நீர் ஊறும். வெட்டிய கோழி மேல் சோயாவும் நல்லெண்ணெயும் ஊற்றி, பச்சை வெங்காயத் தாளைத் தூவி வைப்பார்கள். பக்கத்தில் ஒரு தட்டு முளைப்பயிறு. எங்கள் ஊர் முளைப்பயிறு குட்டையாக, குண்டாக இருக்கும், கடித்தால் நறுக்கென்று தண்ணீர் தெறிக்கும். மலைத் தண்ணீரால் அப்படி என்பார்கள். அதற்கு மேல் வெள்ளை மிளகுத்தூள். வழுக்கிக்கொண்டு போகும் அரிசி நூடுல்ஸ் போட்ட கொய்த்தியாவ் சூப் ஒரு கிண்ணம். உறைப்புக்கு மிளகாய்ச் சாந்து. அந்த மேசையில் உட்கார்ந்தால் எனக்கு எவ்வளவு கோபம் இருந்தாலும் கால்வாசி இறங்கிவிடும்.

அன்றைக்கு விடுமுறைக் கூட்டம். நிற்க இடமில்லை. கடைக்காரச் சீனத்தி எங்களைப் பல வருடமாகத் தெரிந்தவர். உள்ளே ஒரு வட்ட மேசையைக் காட்டி, அங்கே போய் உட்காருங்கள், இரண்டு பேர்தான் இருக்கிறார்கள் என்று மலாயில் கத்தினார். இங்கே தெரியாதவர்களோடு மேசையைப் பகிர்ந்துகொள்வது எல்லோரும் செய்வதுதான். நாங்கள் கூட்டத்தை விலக்கிக்கொண்டு போனோம். முதுகு காட்டி உட்கார்ந்திருந்த ஒரு பெண்மணி, சாயம் போன டீசட்டை, தலைமுடியைத் தூக்கிக் கிளிப் போட்டிருந்தார், ஒரு கோழித் தொடையை இரண்டு கையாலும் பிடித்து எலும்போடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார். அடடா, சாப்பிடத் தெரிந்த ஆள் என்று எனக்கு அவரை உடனே பிடித்துவிட்டது.

நான் முக்காலியை இழுத்தேன். அவர் நிமிர்ந்தார்.

அந்த அம்மாவேதான்!

பக்கத்தில் அவர் கணவர், வாயில் கோழிக்கால் பாதி உள்ளே, பாதி வெளியே. அவர் முகத்தில் ஈயாடவில்லை. என் வீட்டுக்காரர் பழக்கதோஷத்தில் கும்பிட்டுவிட்டார். அந்த மனிதரும் கோழிக்காலோடு சேர்த்தே கும்பிட்டார்.

"வெள்ளிக்கெழமை…" என்று என் வாயிலிருந்து வந்தது.

"நாங்க அதெல்லாம் பாக்கறதில்லங்க," என்றார் அந்த அம்மா, வாயைப் புறங்கையால் துடைத்துக்கொண்டு. "நீங்கதான் பாப்பீங்கன்னு நெனச்சோம். சைவக் கடையாப் புடிச்சீங்களே!"

"உங்களுக்காகத்தாங்க புடிச்சோம்!"

"எங்களுக்காகவா? அந்தச் சாம்பார எங்களுக்காகவா ஊத்துனாங்க?" அவர் கணவர் கோழிக்காலைக் கீழே வைத்தார். "நான் ரெண்டாந்தரம் கூட்டு கேக்கப் போனேண்ணே, இவ என் கால மிதிச்சிட்டா."

என் வீட்டுக்காரர் அவரைக் கட்டிப்பிடிக்காத குறை. "உங்களையுமா?" என்றார்.

ஆண்கள் இரண்டு பேரும் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. சாத்திய கதவும் தலையணையும்தான் மனதில் நின்றன. மகளுக்குக் கொடுத்த வாக்கு மத்தியானத்தோடு முடிந்தது என்று நானே எனக்குத் தீர்ப்புச் சொல்லிக்கொண்டேன்.

"நான் மனசுல வச்சுக்கிட்டுப் பேசற ஆள் இல்லங்க," என்றேன். "எங்களப் புடிக்கலன்னா நேராச் சொல்லிடுங்க. நான் தாங்கிக்குவேன். ஆனா நீங்க ஏன் எலய அந்தப் பக்கம் மடிச்சீங்க?"

அந்த அம்மா விளங்காமல் என்னைப் பார்த்தார். பிறகு தன் கைகளைப் பார்த்தார். எண்ணெய்க் கையாலேயே காற்றில் ஓர் இலையை மடித்துப் பார்த்தார், அந்தப் பக்கம். அவர் கண் பெரிதானது.

"ஐயையோ! நான் அந்தப் பக்கமாவா மடிச்சேன்?"

"மடிச்சீங்க. நான் பாத்தேன்."

"அந்த ரசம்! அவன் வாளியோட கவுத்துட்டுப் போயிட்டான். என் பக்கம் மடிச்சா அவ்வளவும் மடியிலதான் வந்து விழும். அது என் கல்யாணப் பட்டுங்க. முகூர்த்தத்துக்குக் கட்டுனது. நல்ல காரியம்னாத்தான் பெட்டியத் தொறந்து எடுப்பேன். சேல, சேலன்னு அந்த ஒரு நெனப்புல, மத்தது ஒண்ணும் தோணல!"

நல்ல காரியம் என்றால்தான் எடுப்பாராம். எங்களைப் பார்க்க அதைக் கட்டிக்கொண்டு வந்திருக்கிறார். அதற்குள் அந்த அம்மாவுக்குக் கோபம் வந்துவிட்டது. பரவாயில்லையே, இவருக்கும் என்னை மாதிரியே வருகிறது!

"நீங்க மட்டும் என்னவாம்? ஒரு பிடி சோறு வாங்கிக்கிட்டீங்களா? அப்பளத்தத் தொட்டீங்களா? பொண்ணு வீட்டுக்கு நம்மளக் கண்டாலே புடிக்கல, பெருமைக்காரங்கன்னு நெனச்சுட்டாங்கன்னு நான் வீட்டுக்குப் போயி இவர்கிட்ட அழுதேன், கேளுங்க!"

"அழுதா," என்றார் கணவர். "அதான் இங்க கூட்டிட்டு வந்தேன். இவ அழுதா இந்தக் கடைதான்."

நான் முக்காலியில் தொப்பென்று உட்கார்ந்தேன். உட்கார்ந்ததும் சிரிப்பு வந்துவிட்டது. எப்படிப்பட்ட சிரிப்பு என்றால், பக்கத்து மேசைக்காரர்கள் சூப்பை நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்த்தார்கள். அந்த அம்மாவும் சிரித்தார். சிரித்துக்கொண்டிருந்தவர் சட்டென்று நிறுத்தி என் முழங்கையைப் பிடித்தார்.

"பொண்ணு பாத்துச்சா? நான் மடிச்சத?"

"பாத்துச்சு. அப்ப இருந்து அழுதுக்கிட்டுக் கெடக்கு. இன்னும் சாப்டல."

"கூப்புடுங்க. இப்பவே போன் போடுங்க."

அவர் இரண்டு கையும் எண்ணெய். நான் மகளுக்குப் போன் போட்டு அவர் காதருகே பிடித்துக்கொண்டேன். மணி அடித்தது. கத்திச் சத்தம், சீனத்தியின் கூச்சல், தட்டுகளின் சத்தம், எல்லாவற்றுக்கும் மேலே அந்த அம்மா சத்தமாகப் பேசினார்.

"ஏம்மா, ஆத்தா பேசறேன். அழாத. ஆத்தா ஒரு கிறுக்குத்தனம் பண்ணிட்டேன். அம்மாவும் அப்பாவும் என் பக்கத்துலதான் இருக்காங்க. மொகத்தக் கழுவிட்டுக் கெளம்பி வா, அவன அனுப்பறேன், அவனோடயே வா. கோழி ஆறிடும்."

ஆத்தா பேசறேன் என்றார். அவன் ஆத்தா என்று சொல்லவில்லை. வெறும் ஆத்தா. போனைக் காதிலிருந்து எடுத்தபோது நான் அழுதுகொண்டிருந்தேன். யார் பார்த்தால் எனக்கென்ன? மிளகாய்ச் சாந்து என்று சொல்லிக்கொள்ளலாம்.

"சம்பந்தி, மொதல்ல இதச் சாப்டுங்க," என்று அவர் தன் தட்டிலிருந்த இன்னொரு தொடையை என் பக்கம் தள்ளினார். யாராவது எனக்குத் தொடையை விட்டுக்கொடுத்தது வாழ்க்கையில் அதுதான் முதல் தடவை. என் வீட்டுக்காரர்கூட விட்டுக்கொடுத்ததில்லை.

பிள்ளைகள் வந்து சேர்ந்தபோது மேசையில் இரண்டாவது கோழி வந்திருந்தது. மகள் வீங்கின கண்ணோடு வாசலில் நின்று, டீசட்டையும் கிளிப்புமாக இருந்த தன் வருங்கால மாமியாரையும், தலை வாராத தன் அம்மாவையும், ஒருவர் தட்டில் இன்னொருவர் கைபோட்டுக்கொண்டிருந்த இரண்டு அப்பாக்களையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு ஓடி வந்து உட்கார்ந்தாள். முளைப்பயிறு மூன்று தட்டுக் காலியானது. கல்யாணத் தேதியைப் பற்றி நாங்கள் பேசி முடித்தது அந்த மேசையில்தான், கடைக்காரச் சீனத்தியையும் அப்போதே அழைத்துவிட்டோம்.

கல்யாணம் ஈப்போவிலேயே ஒரு மண்டபத்தில் நடந்தது. சாப்பாட்டை யாரிடம் கொடுப்பது என்பதை இரண்டு சம்பந்திகளும் சேர்ந்து ஊரெல்லாம் சாப்பிட்டுப் பார்த்து முடிவுசெய்தோம், அந்த மூன்று மாதம் என் வாழ்க்கையிலேயே மிக இன்பமான மூன்று மாதம் என்று யாரிடமும் சத்தியம் செய்வேன். கல்யாணத்தன்று பந்தியில் நான் நின்று ஓடிக்கொண்டிருந்தேன். சாம்பார் அமுதம். கூட்டு இரண்டாந்தரம் கேட்டவர்கள் ஏராளம், யார் காலையும் யாரும் மிதிக்கவில்லை.

"சம்பந்தி! இங்க பாருங்க!"

மண்டபம் முழுக்கக் கேட்கிற மாதிரி கூப்பிட்டார். திரும்பினேன். அதே அரக்குப் பட்டு, அதே தங்கக் கரை. அவர் இலையில் ரசம் குளம் மாதிரி நின்றது. இந்த முறை யாரும் தவறிக் கொட்டவில்லை, அவரே கேட்டு வாங்கி ஊற்றச் சொல்லியிருக்கிறார். என் கண்ணைப் பார்த்துக்கொண்டே இலையின் அந்த ஓரத்தைத் தூக்கினார்.

"ஐயோ வேணாம், சேல! கல்யாணச் சேல!" என்று நான் கத்திக்கொண்டு ஓடினேன்.

அவர் தன் பக்கமாக மடித்தார். நிதானமாக, இரண்டு கையாலும், நன்றாக அழுத்தி. ரசம் முழுக்க அவர் மடியில் இறங்கித் தங்கக் கரை வழியாக ஓடியது.

"கெடக்கட்டும் விடுங்க," என்றார்.

அந்தக் கறை போகவில்லை. தெரிந்த சலவைக்காரர்கள் எல்லோரும் கையை விரித்துவிட்டார்கள். வருகிற மாதம் என் மகளுக்கு வளைகாப்பு. சம்பந்தி அந்தச் சேலையைத்தான் கட்டிக்கொண்டு வரப்போகிறாராம்.